பன்னிரண்டுக்குக் கீழே

கிரீன் சர்க்கிள் நெரிசலில்
சித்தூர் பஸ்ஸின் புகைக்குப் பின்னால் நிற்கையில்
வேகமுள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சளாய் எழுந்தது:
கியர்பாக்ஸ் கோளாறு. பாதுகாப்பாக நிறுத்தவும்.
ஆங்கிலத்தில்தான் சொன்னது.
எனக்குத் தமிழில் வியர்த்தது.

பாதுகாப்பாக எங்கே நிறுத்த?
இடப்பக்கம் ஷேர் ஆட்டோ,
வலப்பக்கம் கரும்பு டிராக்டர்,
முதுகில் ஹார்னையே மூச்சாக விடும் லாரி.

காட்பாடி ரோட்டு சர்வீஸ் சென்டரில்
மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்கியது.
மே மாத வெயில், வேறென்ன.
நெஞ்சில் லோகேஸ்வரன் என்று குத்தியிருந்த பையன்
வண்டியைத் தொடாமலே சொன்னான்:
"மெகட்ரானிக்ஸ் போயிருக்கும், மேடம்.
எண்பத்தாறாயிரம். ஜிஎஸ்டி தனி."

போய்விட்டது என்று சொல்லியிருந்தால்
நகைக்கடன் கவுண்டருக்கு நடந்திருப்பேன்.
போயிருக்கும் என்றான்.
பதினேழு வருடமாக ரத்தம் எடுக்கிறேன்.
"இருக்கும்" என்று எழுதிய ஒரு ரிப்போர்ட்டிலும்
நான் கையெழுத்துப் போட்டதில்லை.

வீட்டுக்கு வந்து மகளின் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன்.
காலை ஆறு ஐம்பது, சத்துவாச்சாரி: வரவில்லை.
மாலை, ஏ.சி., முன்விளக்கு, கண்ணாடித் துடைப்பான்
மூன்றும் ஓட நின்றபோது: வந்தது.
பள்ளிகொண்டா வரை எண்பதில் போனேன்: வரவே இல்லை.
ராத்திரி வண்டிக்கடியில் நாளிதழ் விரித்தேன்.
விடிந்து பார்த்தால்
ராசிபலன் மேல் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் சின்னக் கருவி,
தொள்ளாயிரம் ரூபாய்.
போனில் ஒரு குறியீடு கக்கியது.
அழிக்குமுன் படம் எடுத்துவைத்தேன்,
கலைத்த சாட்சியைத் திரும்பக் கூண்டில் ஏற்ற முடியாது.
இங்கே வலிக்கிறது என்கிறது குறியீடு.
ஏன் என்று அதற்குத் தெரியாது.
வயிற்றுவலி என்று வருகிறவருக்கு
வயிற்றையா மாற்றுகிறோம்?

சைதாப்பேட்டை முஷ்தாக் பேட்டரிக் கடை.
ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த வண்டி.
சிவப்பு முனை, கறுப்பு முனை வைத்து
மீட்டரை என் பக்கம் திருப்பினார்.
பதினொன்று புள்ளி ஏழு.
"பன்னெண்டரை இருக்கணும். அது பசில இருந்தா
கியர் கம்ப்யூட்டர் பினாத்தும்."

பன்னிரண்டுக்குக் கீழே.
பெண்களின் ரிப்போர்ட்டில்
ஹீமோகுளோபின் என்ற வரியில்
தினம் நாற்பது முறை நான் வட்டமிடும் எண்.

முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது.
வெந்நீர், தேய்ந்த பல்துலக்கி.
கியர்பாக்ஸ் பக்கம் போகும் எர்த் ஒயரின் போல்ட்
துருவேறி, விரலுக்கே ஆடியது.
அரைச் சுற்று முறுக்கினார்.
புது பேட்டரி ஐயாயிரத்து நானூறு,
பழசுக்கு எழுநூறு கழிவு.
கூலி நூற்றைம்பதைச் சொல்லக் கூச்சப்பட்டார்.

லோகேஸ்வரன் கூப்பிட்டான்.
"பார்ட்டுக்கு ஆர்டர் போட்டுடலாமா, மேடம்?"
வேண்டாம் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப என்னதான் மேடம் பிரச்சினை?"
நிஜமாகவே கேட்டான்.
மாதக் கடைசி அவனுக்கும்தானே.
எர்த் ஒயர் என்றேன்.
எழுதிக்கொள்வது கேட்டது.

பத்தொன்பது நாள். மஞ்சள் எழவில்லை.
குணமா இடைவேளையா, தெரியாது.
கிரீன் சர்க்கிளில் இன்னும்
சிக்னலைப் பார்க்காமல் முள்ளைப் பார்க்கிறேன்.

நேற்று மதியம் கூட்டம் ஓய்ந்ததும்
எதற்கென்று சொல்லாமல்
ஜெசிந்தாவிடம் இடது கையை நீட்டினேன்.
ஒன்பது புள்ளி எட்டு.
"மூச்சு வாங்குதா? எத்தனை நாளா?"

நோட்டில் குறிக்கவில்லை என்றேன்.